நடுக் கீலைக் கழற்றிப் பாருங்கள்

கராஜில் விமானம் கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைகளுக்கு,

உங்களில் மூன்று பேரைத்தான் எனக்கு நேரில் தெரியும். ஒருவன் என் அக்கா மகன். மற்ற இருவர் அவனோடு ஓரெகான் மாநிலத்தில், போர்ட்லண்ட் பக்கம், சிப் கம்பெனியில் வேலை பார்ப்பவர்கள். கார் நிற்க வேண்டிய இடத்தில் இரண்டு பேர் உட்காரும் அலுமினிய விமானம் ஒன்று வளர்ந்துகொண்டிருக்கிறது. கார் மூன்று வருடமாக மழையில் நிற்கிறது. இதே மாதிரி பெட்டி பிரித்து, ரிவெட் அடித்து, வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருக்கும் நம் பிள்ளைகள் வேறு ஊர்களிலும் சிலர் உண்டு என்று மருமகன் சொன்னான். எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் இன்ஜினியர் இல்லை. மீனம்பாக்கத்தில் ஹேங்கருக்குள் 31 வருடம் தகடு வேலை பார்த்தவன். போன கோடையில் மருமகன் வீட்டில் மூன்று மாதம் இருந்தேன். ரிவெட் துப்பாக்கிக்கு மறுபக்கம் டாலி பிடிக்க ஆள் இல்லை என்று தெரிந்ததும் என் விடுமுறை முடிந்துவிட்டது. சந்தோஷமாகத்தான் பிடித்தேன். உங்கள் ரிவெட் வரிசை எங்கள் காலத்து வரிசையைவிட அழகு, அதை மறைக்காமல் சொல்கிறேன். இறக்கை ஸ்பாரைத் தொடும்போது பூஜை சாமான் மாதிரி தொடுகிறீர்கள். இன்ஜின் பேச்சு எடுத்தால் ராத்திரி இரண்டு மணி ஆகிவிடுகிறது.

கீல் வந்ததும் மட்டும் கை வேகமாகிவிடுகிறது. போல்ட்டைச் செருகு, நட்டை முறுக்கு, ஆடுகிறதா, ஆடுகிறது, போட்டோ எடு. பீரோ கதவுக்குக் கீல் போடுகிற மனசு. என் வழக்கு இதில்தான்.

அன்று நடந்ததைச் சொல்கிறேன். சனிக்கிழமை. செங்குத்து வாலை மேஜையில் நிமிர்த்திக் கட்டிவிட்டு, அதில் ரடரை முதல் முறையாக மாட்டினார்கள். மேலே ஒன்று, நடுவில் ஒன்று, கீழே ஒன்று, மொத்தம் மூன்று கீல். கீல் என்றால் நம் ஊர்ப் பட்டைக் கீல் இல்லை. ரடரின் முன்பக்கத்தில் திருகி ஏற்றிய ராட் எண்ட், அதற்குள் உருளும் குண்டு, குண்டின் ஓட்டை வழியாக ஒரு போல்ட். கைதட்டினார்கள், படம் எடுத்தார்கள். நான் ஒரு விரலால் ரடரைத் தள்ளினேன். பாதி தூரம் போய் நின்றது. திரும்பித் தள்ளினேன். அந்தப் பக்கமும் பாதியில் ஒரு முறைப்பு.

“புதுசு மாமா, கொஞ்சம் டைட்டாத்தான் இருக்கும். ஓட ஓட சரியாயிடும்” என்றான் மருமகன்.

ஓட ஓடத் தேயும் கீலைப் பார்த்திருக்கிறேன். ஓட ஓடச் சரியாகும் கீலை இன்னும் பார்க்கவில்லை. நடு போல்ட்டைக் கழற்றச் சொன்னேன். கழற்றியதும் ரடர் ஊதினால் நகரும் அளவுக்கு லேசாகிவிட்டது. ரடரை இறக்கி வைத்து, மேல் கண்ணிலிருந்து கீழ்க் கண்ணுக்கு மீன்பிடி நைலான் நூலை விறைப்பாகக் கட்டினோம். நடுக் கண்ணில் நூல் மையத்தில் இல்லை, ஒரு பக்கச் சுவரை நோக்கிக் கொஞ்சம் தள்ளிப் போனது. தள்ளிப்போயிருந்தது எவ்வளவு? ஒரு கல்யாணப் பத்திரிகையின் கனம். அரை மில்லிமீட்டர் இருந்தால் அதிகம்.

எங்கள் பாட்டி வீட்டில் கதவுக்குக் கீலே கிடையாது. கதவுப் பலகையிலேயே மேலும் கீழும் குடுமி செதுக்கியிருக்கும். கீழ்க் குடுமி கல் குழியில் உட்காரும், மேல் குடுமி நிலையில் நுழையும். நூறு வருடக் கதவு, ஒரு விரலால் திறக்கலாம். அந்த ஆசாரிக்கு அளவெடுக்கும் தொல்லையே இல்லை, ஏனென்றால் இரண்டு புள்ளிகளை எங்கே வைத்தாலும் அவை ஒரே கோட்டில்தான் இருக்கும். மூன்றாவது புள்ளி வைத்தவுடனே பஞ்சாயத்து ஆரம்பிக்கிறது. சுமையைப் பங்கு போடவும், ஒன்று போனால் மற்றது தாங்கவும் விமானத்துக்கு மூன்று தேவைப்படுகிறது. அந்தப் பஞ்சாயத்தைத் தீர்த்துவைப்பது கட்டுகிறவன் பொறுப்பு.

தீர்ப்பது கஷ்டமும் இல்லை. ராட் எண்டைத் திருகி உள்ளே வெளியே நகர்த்தலாம். கண் மேலும் கீழும் பார்த்து நிற்க வேண்டும் என்பதால் அரை அரைச் சுற்றாகத்தான் திருப்ப முடியும். அரைச் சுற்றுக்கு ஏறக்குறைய அரை மில்லிமீட்டர். எங்கள் பத்திரிகைக் கனத்துக்கு அரைச் சுற்று போதுமாக இருந்தது. செக் நட்டை இறுக்கிவிட்டு மாட்டினால் மூன்று போல்ட்டோடும் ரடர் ஊதினால் நகர்ந்தது. செலவு நாற்பது நிமிடம்.

அப்படியே விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நேராக இருந்தால் குண்டு உருளும், போல்ட் அசையாது. முறைத்துக்கொண்டிருக்கும் கீலில் குண்டு உருளச் சோம்பல்பட்டு போல்ட்டையே திருப்பப் பார்க்கும். போல்ட் திரும்பினால் நட்டும் திரும்பும். இதனால்தான் பழைய விமான விதி ஒன்று, சுழலக்கூடிய போல்ட்டில் உராய்வை மட்டும் நம்பும் நைலாக் நட்டைப் போடாதே, போட்டால் உராய்வை நம்பாத பூட்டு ஒன்றும் சேர்ந்து இருக்க வேண்டும் என்கிறது. கேசில் நட்டும் ஸ்பிலிட் பின்னும் அதற்குத்தான். உங்கள் வரைபடம் நைலாக் போடச் சொல்கிறது என்றால், போல்ட் திரும்பாது என்று நம்பித்தான் சொல்கிறது. கீல்கள் ஒரே கோட்டில் இல்லாவிட்டால் அந்த நம்பிக்கையை உடைத்தவர் நீங்கள்தான்.

இறக்கையில் இன்னொரு சிக்கல் உண்டு. மேஜையில் நேராக இருந்த கீல் வரிசை வானில் நேராக இருக்காது. தூக்கும் விசையில் இறக்கை மேல்நோக்கி வளையும், எய்லரான் அவ்வளவு வளையாது. ஆகவே பக்கவாட்டு நகர்வை ஒரே ஒரு கீல்தான் பிடித்துக்கொள்ள வேண்டும், மற்றவை சற்று நகர இடம் கொடுக்க வேண்டும். எல்லாக் கீலிலும் வாஷரை அடைத்து ‘கிச்சென்று’ வைத்தால், தரையில் வெண்ணெய் மாதிரி ஓடும் எய்லரான் திருப்பத்தில் பிடித்துக்கொள்ளும்.

இறுகிய கீலாவது முறைத்துக் காட்டிக்கொடுத்துவிடும். எனக்குப் பயம் மற்றதைப் பார்த்துத்தான். தளர்ந்த கீல் ஸ்மூத்தாக இருக்கும், எல்லோருக்கும் பிடிக்கும். ‘பிளே’ என்று நாங்கள் சொல்லும் அந்த ஆட்டம், பின்விளிம்பை இரண்டு விரலால் பிடித்து மெதுவாக மேலும் கீழும் அசைத்தால் ‘டிக்’ என்று விரலில் தட்டும். காதில் கேட்பதற்கு முன் விரலில் தெரியும்.

அந்த ‘டிக்’ எங்கே கொண்டுபோகும் என்று கேட்டால், ஃப்ளட்டர் என்ற நடுக்கத்துக்கு. எய்லரானின் எடை கீல் கோட்டுக்குப் பின்னால் அதிகம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏதோ ஒரு குலுக்கலில் இறக்கை மேலே போகிறது. ஆட்டம் இருக்கும் எய்லரான் கூடப் போகாமல் பின்தங்கிக் கீழே தொங்குகிறது. கீழே இறங்கிய எய்லரான் இறக்கையை இன்னும் மேலே தூக்கும். இறக்கை வளைந்து திரும்பி இறங்கும்போது கதை தலைகீழாக நடக்கும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது மாதிரி. இங்கே தள்ளுகிறது காற்று, அதற்குக் கை வலிக்காது. வேகம் ஒரு அளவைத் தாண்டியிருந்தால் சில நொடிகளில் உலோகம் கிழிந்துவிடும்.

இது புதுப் பாடமும் இல்லை. முதல் உலகப் போரில், 1916-இல், ஹேண்ட்லி பேஜ் குண்டுவீச்சு விமானத்தின் வால் கொடூரமாக ஆடியது. பொறியாளர் லான்செஸ்டரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். இடது எலிவேட்டரும் வலது எலிவேட்டரும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் தனித்தனி கேபிளில் தொங்குகின்றன, இரண்டையும் விறைப்பான குழாயால் இணையுங்கள் என்றார். சில வருடம் கழித்து நெதர்லாந்தில் வான் பௌம்ஹவரும் கோனிங்கும் எய்லரானின் எடையைக் கீல் கோட்டுக்கு முன்னால் ஈயம் வைத்துச் சமன்செய்தால் ஆட்டம் அடங்கும் என்று காட்டினார்கள். உங்கள் கிட் பெட்டியில் வரும் அந்தக் கறுத்த ஈயக்கட்டிக்கு இவ்வளவு வயதாகிறது.

உங்களைப் போன்றவர்கள் கட்டிய விமானத்திலேயே உதாரணம் இருக்கிறது. ஸெனித் சிஎச் 601 எக்ஸ்எல் இரண்டு பேர் உட்காரும் அலுமினிய விமானம். அதன் எய்லரானை இரண்டு விதமாக வைக்கலாம். ஒன்று பியானோ கீலில். இன்னொன்றில் கீலே கிடையாது, மேல் தகடே வளைந்து கொடுக்கும். இரண்டிலும் எடைச் சமன் கிடையாது. 2006-இலிருந்து ஆறு விமானங்கள் வானிலேயே உடைந்த பிறகு, 2009 ஏப்ரலில் அமெரிக்காவின் விபத்து விசாரணை அமைப்பான என்.டி.எஸ்.பி., ஃப்ளட்டர் அபாயம் தீரும்வரை இவற்றைப் பறக்கவிடாதீர்கள் என்று விமானப் போக்குவரத்துத் துறையான எஃப்.ஏ.ஏ.வுக்கு அவசரமாக எழுதியது. எய்லரான் கேபிள் எவ்வளவு இறுக்கமாக இருந்தது என்பதும் விசாரணையில் பேசப்பட்டது. பிறகு எஃப்.ஏ.ஏ. செய்த ஆய்வு ஒரே காரணத்தைக் கைகாட்டவில்லை, இறக்கையின் வலிமையும் கணக்கில் வந்தது. கடைசியில் வந்த திருத்தப் பொட்டலத்தில் இறக்கைக்கான பலப்படுத்தலோடு எய்லரானுக்கு எதிர் எடையும் இருந்தது. கேபிள் இறுக்கம், கீல், எடைச் சமன் மூன்றும் ஒரே சங்கதி என்று இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டேன்.

ரீனோ கதை இதைவிட என்னைத் தூங்கவிடாதது. அது கிட் விமானம் இல்லை. பி-51 போர் விமானத்தைப் பந்தயத்துக்காக மாற்றி, ‘கேலப்பிங் கோஸ்ட்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் உங்கள் விமானத்தைப் போலவே ‘எக்ஸ்பெரிமென்டல்’ சான்றிதழில் பறந்தது. 2011 செப்டம்பர் 16 அன்று நெவாடா மாநிலத்து ரீனோவில், பந்தயத்தின் நடுவே, இடது எலிவேட்டரின் டிரிம் டேப் ஃப்ளட்டர் ஆகி ஒரு பாதி பிய்ந்து போனது. விமானம் குபீரென்று மேலே ஏறிப் புரண்டு, பார்வையாளர்கள் உட்கார்ந்திருந்த இடத்திலேயே விழுந்தது. விமானியோடு 11 பேர் செத்தார்கள். விசாரணை கடைசியில் போய் நின்ற இடம் டேப்பைப் பிடிக்கும் திருகுகளின், உராய்வை நம்பும் பூட்டு நட்டுகள். உள்ளே இருந்த பிடிப்பு வளையம் பழசாகிப் பிடிப்பு இழந்திருந்தது. திருகுகள் தளர்ந்தன, ஒன்றில் விரிசலும் விழுந்தது. விறைப்பு போன டேப் அந்த வேகத்தில் ஃப்ளட்டர் ஆகிவிட்டது.

அந்த நட்டு என்ன விலை இருக்கும்? உங்கள் கராஜில் டப்பா டப்பாவாக இருக்கிறது. போன கோடையில் நான் எண்ணினேன், ஒரே எலிவேட்டரை ஏழு முறை மாட்டிக் கழற்றினார்கள், ஏழு முறையும் அதே நட்டு. நைலாக் நட்டு கை விரலாலேயே கடைசிவரை ஓடினால் அது செத்த நட்டு. குப்பையில் போடுங்கள். பொருத்திப் பார்ப்பதற்கென்று சில நட்டுகளுக்குச் சிவப்பு வர்ணம் பூசி வையுங்கள், பறக்கப்போகும் நட்டு கடைசி நாளில் பையைக் கிழித்து வரட்டும்.

பியானோ கீலைப் பற்றி இரண்டு வார்த்தை. பல விமானங்களில் டிரிம் டேப்பும் ஃப்ளாப்பும் அதில்தான் தொங்குகின்றன. மலிவு, நேராக இருக்கும், சுமையை நீளம் முழுக்கப் பங்கு போடும். குறை என்னவென்றால் எஃகுக் கம்பி மெத்தென்ற அலுமினியக் கண்ணுக்குள் தேய்கிறது, கண் நீள்வட்டமாகிறது. கிரீஸ் பூசினால் தூசி ஒட்டி, உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி ஆகும். கம்பி தானாக வெளியே நழுவப் பார்க்கும், முனையை மடக்கியோ கம்பி கட்டியோ பூட்டியே ஆக வேண்டும். கடற்கரைப் பக்கம் வைத்திருப்பவர்கள் கம்பியை வருடம் ஒரு முறையாவது உருவிப் பாருங்கள். மீனம்பாக்கத்து உப்புக்காற்று என்ன செய்யும் என்று எனக்குத் தெரியும். எவ்வளவு ஆட்டம் தாங்கலாம் என்று கேட்பீர்கள். சான்றளித்த விமானங்களுக்கான பழைய எஃப்.ஏ.ஏ. கணக்கு, டிரிம் டேப்பில் கீலிலிருந்து பின்விளிம்பு வரையிலான அகலத்தில் 2.5 சதவீதம். 100 மில்லிமீட்டர் டேப்புக்கு மொத்தமே 2.5 மில்லிமீட்டர். உங்கள் கிட் கையேடு இதைவிடக் குறைவாகச் சொன்னால் கையேடுதான் வேதம்.

மருமகன் ஒரு ராத்திரி விதிப் புத்தகத்தைத் திறந்து காட்டியபோது எனக்கே ஆச்சரியம். விமானக் கட்டமைப்புக்குப் பொதுவாகப் பாதுகாப்புக் காரணி 1.5. 2017-இல் சிறு விமான விதிகளைத் திருத்தி எழுதும்வரை 23.657 என்ற விதி, பால் பேரிங்கோ ரோலர் பேரிங்கோ இல்லாத கீல்களுக்கு, மெத்தென்ற உலோகத்தின் தாங்குதிறனை வைத்து, 6.67 மடங்கு கேட்டது. கீல் உடைந்துவிடும் என்ற பயத்தில் கேட்ட எண் அது என்று எனக்குத் தோன்றவில்லை. தேயும் என்று தெரிந்து கேட்ட எண். நீங்களே கட்டும் விமானத்தை அந்த விதி கட்டுப்படுத்தாது. அலுமினியத்துக்கு அந்தச் சலுகை தெரியாது.

நம் மொழியில் கீல் என்றால் உடம்பு மூட்டும்தான். அதனால்தான் கீல்வாதம். என் முழங்காலில் இருக்கும் கீல் காலையில் எழுந்ததும் கத்திச் சொல்லிவிடும். எய்லரானுக்கு அந்த வசதி இல்லை, நீங்கள்தான் தினமும் கேட்க வேண்டும். அதிலும் பறக்கும்போது தேய்வதைவிட நிற்கும்போது அடிபடுவது சில கீல்களுக்கு அதிகம். வெட்டவெளியில் நிறுத்திவிட்டு, வாலைப் பூட்டாமல் வீட்டுக்குப் போனால், பின்னாலிருந்து வரும் காற்று ராத்திரி முழுக்க ரடரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் அறைந்துகொண்டிருக்கும்.

வர்ணம். இதை எழுதாமல் விட்டால் எனக்குப் பாவம் சேரும். சமன் பார்த்து, ஈயத்தை வைத்து, எல்லாம் சரி. பிறகு வர்ணக் கடைக்குப் போகிறது. புட்டி, பிரைமர், இரண்டு பூச்சு, பக்கத்தில் ஒரு மின்னல் கோடு. அத்தனையும் கீலுக்குப் பின்னால் ஏறும் எடை. பின்விளிம்பில் ஏறும் பத்து கிராமுக்கு முன்னால் எத்தனை கிராம் ஈயம் வேண்டும் என்று நீங்கள்தான் கணக்குப் போடுகிறவர்கள், போட்டுப் பாருங்கள். வர்ணம் காய்ந்ததும் கழற்றி, கீல் கோட்டில் தாங்கி, மறுபடி சமன் பார்க்க வேண்டும். “போட்டோ ஷூட் முடிஞ்சதும் பார்க்கலாம்” என்றான் ஒருவன். பெயர் சொல்லமாட்டேன், அவனுக்கே தெரியும்.

என் வேலைக் காலத்தில் ஒரு பயிற்சிப் பள்ளி விமானம் எங்களிடம் வந்தது. எய்லரான் கீலில் கேசில் நட்டு இருந்தது, ஸ்பிலிட் பின் இல்லை. கண்ணாடி வைத்தால்தான் தெரியும் இடம். நான் கண்ணாடி வைக்கவில்லை, விரல் விட்டுத் தடவினேன், குத்த வேண்டிய முனை குத்தவில்லை. லாக் புத்தகத்தில் அந்த வேலைக்கு இரண்டு பேர் கையெழுத்து இருந்தது. அந்தக் கீலோடு பிள்ளைகள் எத்தனை நாள் பறந்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை.

அங்கே இரண்டு கையெழுத்து போட்டும் தப்பியது. உங்கள் விமானத்தில் ஒரு கையெழுத்துதான். பாதிக்கு மேல் நீங்களே கட்டினீர்கள் என்று காட்டினால், உங்கள் விமானத்தை வருடா வருடம் நீங்களே பரிசோதிக்க எஃப்.ஏ.ஏ. ரிப்பேர்மேன் சான்றிதழ் தருகிறது. பெருமையான காகிதம், சட்டம் போட்டு மாட்டுங்கள். ஆனால் தான் கட்டிய கீலில் தப்பு பார்க்கும் கண் எனக்கே இல்லை. 31 வருடத்தில் என் தப்புகளை எல்லாம் பக்கத்து பெஞ்சுக்காரன்தான் கண்டுபிடித்தான், அவனுடையதை நான்.

அதனால் கேட்டுக்கொள்வது இவ்வளவுதான். முதல் பறப்புக்கு முன்னால், உங்கள் விமானத்தில் ஒரு ரிவெட்கூட அடிக்காத ஒருவரைக் கூப்பிடுங்கள். உங்கள் ஊரில் இதைச் செய்து தரும் பெரியவர்கள் எத்தனையோ பேர், காபி வாங்கிக் கொடுத்தாலே வருவார்கள். அவர் கையில் டார்ச்சும் சின்னக் கண்ணாடியும் கொடுத்துவிட்டு நீங்கள் கராஜுக்கு வெளியே போய் நில்லுங்கள். அவர் ஆட்டிப் பார்க்கட்டும், விரல் விட்டுத் தடவட்டும். நடுக் கீலைக் கழற்றச் சொன்னால் முகம் சுளிக்காமல் கழற்றுங்கள்.

மருமகனின் விமானம் இன்னும் வர்ணத்துக்குப் போகவில்லை. போய் வந்ததும் ரடரையும் எலிவேட்டரையும் எய்லரான்களையும் கழற்றி, கீல் கோட்டில் தாங்கி வைத்துவிட்டு, வீடியோவில் கூப்பிடுவதாக ஒப்புக்கொண்டிருக்கிறான். மற்றவர்களும் கூப்பிடலாம். எங்கள் நேரப்படி காலை ஆறு மணிக்கு மேல் நான் விழித்திருப்பேன்.

அன்புடன்,
மீனம்பாக்கத்து மாமா